வீணைக்கு ஒரு பிக்கப்: டர்பனில் இதுவரை செய்து பார்த்தது

வீணையின் சத்தம் சின்னது. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டால் அதுவே அழகு. ஆனால் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் தைப்பூசத்தன்று, பக்கத்தில் மிருதங்கமும் ஆர்மோனியமும், வாசலில் காவடி மேளமும் முழங்கும்போது கோயில் மண்டபத்தின் முன்வரிசைக்குக்கூட அது எட்டாது. குடத்துக்கு முன்னால் மைக் வைத்தால் மிருதங்கம்தான் முதலில் உள்ளே நுழைகிறது. வால்யூமைக் கூட்டினால் ஸ்பீக்கர் ஊளையிடுகிறது. எங்கள் பஜனைக் குழுவில் வீணை வாசிக்கும் அக்காவுக்காக, வீணையிலிருந்தே நேராகச் சத்தத்தை எடுக்கும் பிக்கப் செய்ய ஆரம்பித்தேன். வேலை இன்னும் முடியவில்லை. இங்கேயோ மொரீஷியஸிலோ இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று, தெரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

அக்கா போட்ட நிபந்தனை ஒன்றுதான். "தம்பி, என்ன வேணாலும் செய், வீணையில ஓட்டை மட்டும் போடாதே." நியாயமான பேச்சு. இந்த ஊரில் வீணைக்கு மேளம் கட்ட, அதாவது விரல் வைக்கும் மெட்டுகளை மெழுகில் பதிக்கத் தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. ஆகவே ஒட்டுவது, கழற்றுவது, இரண்டும் தடம் தெரியாமல் நடக்க வேண்டும்.

முதலில் பீசோ. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டுபிடித்தார்களே, அதே சங்கதிதான். 27 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டின் மேல் மெல்லிய பீங்கான் வட்டு. இந்த ஊரில் ஒரு கால் பன்னி (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) வாங்கும் காசுக்குள் சில வட்டுகள் கிடைத்துவிடும். ஷீல்டு ஒயரைச் சால்டர் செய்து, பிரெஸ்டிக் என்ற ஒட்டுக் களிம்பை உருட்டி, தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் பலகையில் ஒட்டினேன். குதிரைக் காலுக்கு அடியில் செருகலாம் என்பார்கள். அப்படிச் செய்தால் தந்தியின் உயரம் மாறும், மெட்டுக்கு மேல் விரலுக்குப் பழகிய இடைவெளி கெடும். அதனால் அதை யோசிக்கவே இல்லை.

மிக்சரில் நேராகச் செருகியதும் வந்தது தகர டப்பா சத்தம். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. இந்த வட்டின் மின் கொள்ளளவு (கெபாசிட்டன்ஸ்) ஏறத்தாழ 20 நானோஃபாரட். மிக்சரின் உள்ளீட்டுத் தடை 10 கிலோ ஓம் என்றால், சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்ந்துகொண்டே போகும். அக்காவின் சுருதி மூன்று கட்டை. மேல் தந்தியான சாரணி ஏறத்தாழ 165 ஹெர்ட்ஸ், கீழ்த் தந்திகளான மந்தரம் 82, அனுமந்தரம் 62. நான்கு தந்திகளின் அடிநாதமும் அந்த 800-க்கு வெகு கீழே. உள்ளீட்டுத் தடையை 1 மெகா ஓம் ஆக்கினால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், மந்தரம் அப்படியே நிற்கும். இதற்கு டிஎல்072 என்ற ஒரு ஆம்ப் (பெருக்கி) சிப், ஒன்பது வோல்ட் பேட்டரி, கொஞ்சம் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் போதும். இன்னும் அதிகத் தடை போடலாம்தான். ஆனால் தரையில் யாராவது நடந்தால்கூட அது ஸ்பீக்கரில் கேட்கும். எனக்கு 1 மெகா ஓம் திருப்தி.

சத்தம் அங்கேயே மாறிவிட்டது. அனுமந்தரத்தை மீட்டினால் குடம் பேசுகிறது. அப்புறம் இடம் தேடும் வேலை. இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வட்டைச் சாரணிப் பக்கம் நகர்த்தினால் மீட்டு தெளிவு, ஆனால் உடம்பு இல்லை. நாதத் துளைகளுக்குப் பக்கத்தில் வைத்தால் குழப்பம், ஊளையும் சீக்கிரம் வருகிறது. மந்தரத் தந்திப் பக்கம், குதிரைக் காலிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி ஒட்டியபோதுதான் இரண்டும் சேர்ந்து வந்தன. அரை விரல் நகர்ந்தாலும் வித்தியாசம் காதில் படுகிறது. இப்போது பென்சிலால் குறித்த ஒரு காகித அச்சு வைத்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அதை வைத்தே ஒட்டுகிறேன்.

ஆனால் பீசோ மரத்தைக் கேட்கிறது. மரத்தில் படுவது எல்லாம் அதற்குச் சங்கீதம்தான். விரல் மெட்டில் உரசுவது, வளையல் தண்டியில் இடிப்பது, எல்லாம் வரும். மண்டபத்தில் சத்தத்தை ஏற்றும்போது குடமே ஸ்பீக்கருக்குப் பதில் சொல்லத் தொடங்குகிறது. கமகத்தின் கடைசி இழை அந்த இரைச்சலில் தொலைந்து போகிறது. வீணையில் அந்தக் கடைசி இழைதான் உயிர். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

ஆகவே காந்தப் பிக்கப். 1930-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பீச்சம் இதைச் செய்தது ஹவாய் கிட்டாருக்கு. அதன் தந்திகள் உருக்கு. காந்தத்துக்கு மேலே உருக்குத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும், சுற்றியிருக்கும் காயிலில் (கம்பிச் சுருளில்) மின்சாரம் ஓடும். வீணையில் சாரணியும் பஞ்சமமும் உருக்கு, சரி. அக்காவின் வீணையில் மந்தரமும் அனுமந்தரமும் பித்தளை. பித்தளையைக் காந்தம் கண்டுகொள்ளாது. காயிலைச் சுற்றி வைத்துப் பார்த்தபோது மேல் இரண்டு தந்தியும் கணீர், கீழ் இரண்டும் ஏறக்குறைய ஊமை. உருக்குக் கம்பி மேல் சுற்றிய கிட்டார் தந்தியைப் போட்டால் அவையும் கேட்கும். அக்கா அதை மீட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம மந்தரம் இல்லப்பா" என்றார். எனக்கும் அதே எண்ணம். பித்தளையே திரும்பி வந்தது.

காயிலைப் பற்றிக் கொஞ்சம். கம்பி 0.063 மில்லிமீட்டர், தலைமயிரைப் போல மெல்லியது. கையில் பிடித்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. விரல் நடுவே ஒரு துண்டு ஃபெல்ட் துணி வைத்துப் பிடித்தால்தான் இழுவை சீராக வருகிறது. 7,000 சுற்று, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் கம்பி, அளந்தால் ஐந்தரை கிலோ ஓம் அளவில் நிற்கிறது. சுற்றை எண்ண ஒரு பழைய கால்குலேட்டர்: சமக்குறிப் பொத்தானோடு காந்தம் அருகில் வந்தால் மூடிக்கொள்ளும் ஒரு ரீட் சுவிட்சை இணைத்து, சுழலும் தட்டில் சிறு காந்தம் ஒட்டினால் அதுவே எண்ணிக்கொள்ளும். சுற்றி முடித்து, பாரஃபின் நான்கு பங்கும் தேன்மெழுகு ஒரு பங்குமாக உருக்கி, குமிழி நிற்கும் வரை காயிலை அதில் முக்கினேன். இல்லாவிட்டால் சத்தம் ஏறும்போது கம்பிகளே அதிர்ந்து கீச்சிடும். சூடான மெழுகு வேலையை வீணை இருக்கும் அறையில் செய்ய வேண்டாம். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கமே மேளத்து மெழுகுக்குப் போதும்.

கிட்டாரில் தந்திக்கு ஒரு காந்த முளை இருக்கும். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத்தானே கமகம் பிடிக்கிறோம். இழுத்த தந்தி முளையை விட்டு விலகினால் சத்தம் மங்கும். அதனால் முளைகளுக்குப் பதிலாக எல்லாத் தந்திக்கும் அடியில் ஓடும் ஒரே உருக்குப் பட்டை வைத்தேன். கீழே ஃபெரைட் காந்தம். நியோடிமியம் வேண்டாம். அது தந்தியையே பிடித்து இழுத்து, ஸ்வரத்தை அலைய வைக்கிறது.

அடுத்த தொல்லை இரைச்சல். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஒரு பக்கம், லோட்ஷெட்டிங் என்ற மின்வெட்டு நேரத்தில் மண்டபத்து இன்வெர்ட்டர் கிளப்பும் கரகரப்பு இன்னொரு பக்கம். இதற்கு 1955-ல் கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் கொடுத்த வழி இரட்டைக் காயில். இரண்டு காயிலும் தந்திக்கு அடியில் இருந்தால் மீட்டும் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், இரண்டாவது காயிலைக் காந்தமே இல்லாமல் சுற்றி, பக்கத்தில் தள்ளி வைத்து, எதிர்த்திசையில் இணைத்தேன். இரண்டும் ஒரே இரைச்சலை வாங்கி ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. உச்சத்தில் கொஞ்சம் பளபளப்பு குறைகிறது, வீணைக்கு அது நல்லதுதான். கரகரப்பு குறைய, காயிலைச் சுற்றிச் செம்பு நாடா ஒட்டி எர்த்தோடு சேர்த்தது தனி வேலை.

இப்போது இரண்டும் சேர்ந்து ஓடுகின்றன. டிஎல்072-க்குள் இரண்டு ஆம்ப் இருப்பதால் பீசோவுக்கு ஒன்று, காந்தத்துக்கு ஒன்று, பிறகு இரண்டையும் கலக்கும் ஒரு பிளெண்ட் குமிழ். சேர்த்தவுடன் பேஸ் மெலிந்தால் கலங்க வேண்டாம், காயிலின் இரண்டு முனைகளையும் மாற்றிப் போட்டால் இரண்டும் ஒரே பக்கம் தள்ளும். பீசோ முக்கால், காந்தம் கால் என்ற அளவில் மந்தரமும் குடமும் பீசோவிலிருந்து வருகின்றன, சாரணியின் கமகம் காந்தத்தில் நீளுகிறது. எனக்கு இந்த விகிதம் பிடித்திருக்கிறது. அக்கா இன்னும் கொஞ்சம் பீசோ கேட்கிறார்.

பாக்கி இருப்பது பொருத்தும் சட்டம். இப்போது கார்க் வைத்த மரச்சட்டம் கடைசி மெட்டுக்கும் குதிரைக்கும் நடுவே நிற்கிறது, மீட்டும் கை சில சமயம் அதில் இடிக்கிறது. இன்னும் மெல்லியதாக, குதிரைப் பக்கம் தள்ளி ஒன்று அறுத்துக்கொண்டிருக்கிறேன். பேட்டரிப் பெட்டியை தந்திகளின் முனையைக் கட்டும் நாகபாசத்துப் பக்கம் தொங்கவிடுவதா, தரையில் வைப்பதா என்பதையும் அதோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டும்.