பேட்டிடே மேஃப்ளை: வாயைப் பிரிக்காமல் பெயர் வைக்காதீர்கள்

மேஃப்ளை என்றதும் ஈசலை நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஈசல் கரையான் வகை. தண்ணீரில் வளர்ந்து சிறகோடு வெளியே வரும் மேஃப்ளைகள் எஃபெமெராப்டீரா என்ற தனி வரிசை. பறக்கும் சிறகு வந்த பிறகும் இன்னொரு முறை தோலுரிக்கிற பூச்சி இவை மட்டும்தான். வரிசையில் 3,000-க்கு மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. அவற்றில் கால் பங்குக்கும் மேல் பேட்டிடே என்ற ஒரே குடும்பத்துக்குள் அடங்கிவிடும். நியூசிலாந்து போன்ற சில இடங்களைத் தவிர, நன்னீர் இருக்கும் இடமெல்லாம் இந்தக் குடும்பம் இருக்கிறது.

குடும்பத்தை அடையாளம் காண்பது எளிது. ஆற்றுக் கல்லைப் புரட்டும்போது தட்டையான உடலோடு கல்லிலேயே ஒட்டிக்கிடப்பது வேறு குடும்பம். மீன்குஞ்சு போல விருட்டென்று நீந்தி ஓடுவதுதான் பெரும்பாலும் பேட்டிடே நிம்ஃப், அதாவது தண்ணீரில் வாழும் இளம்பருவம். உடல் உருண்டு நீண்டிருக்கும். உணர்கொம்பு தலையின் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். வளர்ந்த ஆணுக்கு ஒவ்வொரு கண்ணும் இரண்டாகப் பிரிந்து, மேல்பாதி தலைப்பாகை கட்டியதுபோல் உயர்ந்து நிற்கும். முன்சிறகின் விளிம்பில் எதோடும் சேராத குட்டி நரம்புகள் தெரியும். இந்தக் குடும்பத்தின் பேட்டிஸ் என்ற பேரினத்தில் அவை இரண்டிரண்டாக, க்ளோயியான் என்ற பேரினத்தில் ஒவ்வொன்றாக. க்ளோயியானுக்குப் பின்சிறகே கிடையாது.

“வளர்ந்த மேஃப்ளை ஒரே நாளில் செத்துப்போகும்” என்ற பேச்சு இந்தக் குடும்பத்தில் முழுசாகப் பொருந்தாது. க்ளோயியான் டிப்டெரம் பெண், முட்டைகளை வயிற்றுக்குள்ளேயே வைத்துக் காத்து இரண்டு வாரம் வரை உயிரோடு இருக்கும். தண்ணீரில் முட்டையை விட்டதும் நிம்ஃப் வெளியே வந்துவிடும். பேட்டிஸ் பெண்களில் பல, கல்லைப் பிடித்தபடி தண்ணீருக்குள் இறங்கி, அடிப்பக்கத்தில் ஒரே அடுக்காக முட்டை ஒட்டும்.

சிக்கல் சிற்றினத்துக்கு வரும்போதுதான். ஐரோப்பாவில் எங்கும் கிடைக்கும் பேட்டிஸ் ரோடானியை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் வெளிவந்த டிஎன்ஏ ஆய்வு ஒன்று, அந்த ஒரே பெயருக்குள் தெளிவாகப் பிரிந்த ஏழு கூட்டங்களைக் காட்டியது. வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். 1987-இல் தனிப் பேரினமாக்கப்பட்ட லேபியோபேட்டிஸில் இன்று நூற்றுக்கு மேல் சிற்றினங்கள் உள்ளன. இந்தப் பேரினத்தைப் பிரித்துக் காட்டுவது கீழுதட்டுப் பால்ப்பின் (வாயோரம் கணுக்கணுவாக இருக்கும் சிறு உணர்வுறுப்பு) இரண்டாம் கணுவில் கட்டைவிரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் மடலும், துருவுத்தாடையின் (மேக்ஸில்லா, முதல் தாடைக்குப் பின்னால் உள்ள இரண்டாம் தாடை) பால்ப்பின் நுனியருகே உள்ள குழிவும். நிறத்தையும் முதுகுப் புள்ளிகளையும் மட்டும் நம்பி எழுதிய பட்டியல்களை நான் பொருட்படுத்துவதில்லை. ஆல்கஹாலில் நிறம் மங்கிவிடும்.

சேகரிக்கும்போது, முதுகில் சிறகு வளரும் உறை கருத்த நிம்ஃப்களைத் தேடி எடுங்கள், அவைதான் முதிர்ந்தவை. நேராக 95% எத்தனாலில் போடுங்கள். குப்பியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பூச்சி வேண்டாம். உடலிலிருக்கும் நீர் ஆல்கஹாலை நீர்க்கச் செய்துவிடும் என்பதால் 24 மணி நேரத்துக்குள் ஒரு முறை மாற்றியே ஆகவேண்டும். ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுக்கும். குப்பியை ஆல்கஹாலால் முழுக்க நிரப்பாமல் காற்று விட்டால், தூக்கிக்கொண்டு போகும் வழியிலேயே செவுளும் காலும் உதிர்ந்து, எது யாருடையது என்று தெரியாத கஞ்சியாகிவிடும்.

வாயுறுப்புகளைப் பிரிப்பதற்கு முன் படம் எடுத்து, டிஎன்ஏவுக்கு ஒரு காலைத் தனியே வையுங்கள். பிறகு தலையைக் கழற்றி மேலுதடு, இரு மாண்டிபிள் (பல்லுள்ள முதல் தாடை), துருவுத்தாடைகள், கீழுதடு என்ற வரிசையில் நுண்ணூசியால் பிரித்து, கண்ணாடிச் சில்லில் யூபரால் என்ற பதியப் பிசின் துளியில் வைக்கலாம். இடது மாண்டிபிளும் வலதும் ஒரே வடிவமல்ல. இடம் மாற்றி வைத்தால் விளக்கமே தலைகீழாகும். மூடுகண்ணாடியை அழுத்தினால் மாண்டிபிள் சாய்ந்து பல்லின் எண்ணிக்கை மாறித் தெரியும்.

அதைவிடப் பெரிய பொறி தேய்மானம். கல்லின் பாசியைச் சுரண்டித் தின்பதால், தோலுரிக்கும் நாள் நெருங்க நெருங்கப் பற்கள் மழுங்கிவிடும். கூரான பல்லுள்ள ஒன்றும் மொட்டைப் பல்லுள்ள ஒன்றும் இரண்டு சிற்றினமாகத் தோன்றும். பழைய தோலுக்கு அடியில் புதிய பற்கள் உருவாகிக்கொண்டிருக்கின்றனவா என்று வெளிச்சத்தை மாற்றிப் பாருங்கள். இருந்தால் அவைதான் சரியான வடிவம்.

எந்த நிம்ஃப் எந்த வளர்ந்த பூச்சியாகிறது என்று இணைக்க நம்பகமான வழி வளர்ப்பது. கருத்த உறை நிம்ஃபை அது வாழ்ந்த தண்ணீரிலேயே, வலை மூடிய கோப்பையில் தனித்தனியே வையுங்கள். மங்கலான சிறகோடு முதலில் வருவது சப்இமேகோ, இன்னொரு முறை தோலுரிக்க வேண்டிய இடைப்பருவம். அதை உடனே ஆல்கஹாலில் போட்டால் ஆணின் உறுப்புகள் முழு வடிவம் பெற்றிருக்காது. உலர்ந்த காகிதம் போட்ட டப்பாவில் விட்டுக் கடைசித் தோலையும் உரிக்க விடுங்கள். கோப்பையில் மிதக்கும் நிம்ஃப் தோலை வீசிவிட வேண்டாம். வாயுறுப்புகள் எல்லாம் அதிலேயே இருக்கும். அதே பூச்சியின் குப்பிக்குள், அதே சீட்டோடு போகட்டும்.