செகாந்தினியின் புல்: நான்கு வாரம் போட்டுப் பார்த்தது

முதல் ஞாயிறு

ஆல்ப்ஸ் மலைகளை வரைந்த ஓவியர் ஜோவன்னி செகாந்தினியின் ‘ஆல்ப்ஸில் நண்பகல்’ (1891) படத்தில் இருக்கும் புல்லை மட்டும் ஒரு சின்ன கேன்வாஸில் போட்டுப் பார்க்க உட்கார்ந்திருக்கிறேன். ஆடு வேண்டாம், தொப்பி போட்ட இடைப்பெண்ணும் வேண்டாம். மலைவெயிலில் காய்ந்த புல் மட்டும். அளவு 20க்கு 30 செ.மீ., எண்ணெய் வண்ணம்.

அவர் செய்தபடியே முதலில் கேன்வாஸ் முழுக்கச் செம்மண் நிறம் பூசிக் காயவிட்டேன். அப்புறம் மஞ்சள், நீலம், வெள்ளை மூன்றையும் தட்டில் குழைத்துப் புல்லுக்கு ஏற்ற பச்சையை எடுத்துப் பூசினேன். பச்சை வந்தது, வெயில் வரவில்லை.

இரண்டாம் வாரம்

தூரிகையைத் தொடாமல் அவர் வாழ்க்கையைப் படித்தேன். பிறந்தது 1858இல், ஆர்கோ என்ற ஊரில். அது அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. ஏழு வயதில் தாய் இறந்தார். தந்தை பையனை மிலானில், தன் முந்தைய தாரத்து மகளின் வீட்டில் விட்டுப் போனார். சீக்கிரமே அவரும் இறந்தார். அந்த அக்கா பகல் முழுக்க வேலைக்குப் போக, பையன் தெருவில் வளர்ந்தான். 1870இல் பிடித்துச் சிறார் சீர்திருத்தப் பள்ளியில் போட்டார்கள். அங்கே கற்றுக்கொடுத்தது செருப்புத் தைக்கும் தொழில். எழுதப் படிக்கவே அவர் வெகு காலம் கழித்துத்தான் பழகினார்.

வெளியே வந்ததும் கொஞ்ச நாள் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணனிடம் இருந்தார். பிறகு மிலானுக்குத் திரும்பி, தெத்தமான்சி என்பவரிடம் கோயில் ஊர்வலக் கொடிகளுக்குப் படம் எழுதும் எடுபிடியாகச் சேர்ந்தார். பகலில் கொடி, இரவில் பிரேரா கலைக்கழகத்தின் மாலை வகுப்பு. இந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். கூலி வேலை முடித்த கை, அதே இரவில் மறுபடி பென்சில் பிடித்திருக்கிறது.

1879இல் மிலானின் புனித அந்தோனியார் கோயில் பாடகர் மண்டபத்தை வரைந்தார். ஜன்னல் வழியாக வந்து விழும் வெளிச்சம்தான் அந்தப் படம். நிறங்களைத் தட்டில் குழைத்தால் ஒளி கிடைக்காது என்று அவருக்குப் பிடிபட்டது அதை வரையும்போதுதான். போன ஞாயிறு என் கேன்வாஸில் நடந்ததும் அதுதானே!

மூன்றாம் வாரம்

பழைய பச்சையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி செம்மண் பூசி ஆரம்பித்தேன்.

இந்த முறை தட்டில் எதையும் குழைக்கவில்லை. நீளமான மயிர் கொண்ட லைனர் தூரிகையால் ஒரு மஞ்சள் இழை, சற்று இடைவெளி, இன்னொரு மஞ்சள் இழை. நடுவில் விட்ட இடத்தில் மஞ்சளுக்கு எதிர்நிறமான, அதாவது நிறச் சக்கரத்தில் அதற்கு நேர் எதிரே இருக்கும், ஊதா. பச்சைக்கு எதிர்நிறம் சிவப்பு; அதனால் பச்சை இழைகளுக்கு நடுவே எதையும் வைக்கவில்லை, அடியில் இருக்கும் செம்மண்ணே எட்டிப் பார்க்கிறது. அந்த அடிப்பூச்சு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. பிரான்சில் சூரா என்ற ஓவியர் நிறங்களைப் புள்ளி புள்ளியாக வைத்தார்; செகாந்தினி நூல் மாதிரி நீட்டி இழுத்தார். புல்லுக்கும் ஆட்டு ரோமத்துக்கும் இழைதான் பொருத்தம், இழுத்துப் பார்த்தால் தெரிகிறது.

முதல் இழை ஈரமாக இருக்கும்போதே எதிர்நிறத்தை வைப்பது அவர் வழக்கம். எனக்கு இரண்டும் சேர்ந்து சேறாகிவிட்டன. ஒவ்வொரு இழைக்கும் தூரிகையைத் துணியில் துடைத்து, ஆளிவிதை எண்ணெயைக் குறைத்து வண்ணத்தைக் கெட்டியாக வைத்த பிறகு நின்றது. உள்ளங்கை அளவு இடத்துக்கு மூன்று மணி நேரம் ஆனது.

நான்காம் வாரம்

ஆறடி தள்ளி நின்று பார்த்தால் புல்லின் வலது பாதியில் வெயில் அடிக்கிறது. கிட்டே போனால் வெறும் நூல்கள். இடது பாதி இன்னும் மந்தமாகத்தான் இருக்கிறது. அங்கே இழைகள் ஒரே தடிமனில், ஒரே திசையில் போய்விட்டன.

அதை அப்படியே விட்டுவிடலாமா என்று நினைத்தபோது செகாந்தினியின் ‘ஆவே மரியா’ படம் நினைவுக்கு வந்தது. ஏரியில் ஆடுகளோடு போகும் படகு. 1882இல் வரைந்த அந்தப் படத்துக்கு மறு ஆண்டே ஆம்ஸ்டர்டாமில் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆனாலும் ஓவிய வணிகரும் நண்பருமான வித்தோரே குரூபிசி தூண்ட, 1886இல் அதே படத்தை நிறம் பிரிக்கும் முறையில் மறுபடி வரைந்தார். இன்று எல்லோரும் சொல்லும் ‘செகாந்தினி பாணி’ அந்த இரண்டாவது படகில்தான் தொடங்கியது, 28 வயதில். அதை வரைந்தது சுவிட்சர்லாந்தின் சவோனின் என்ற மலை ஊரில். பிறகு மலோயா என்று இன்னும் மேலே போய் மலைகளை வரைந்தார். 1899இல் 2,700 மீட்டர் உயரத்தில், ஷாஃப்பெர்க் மலையில், மூன்று பகுதி ஆல்ப்ஸ் ஓவியத்தை முடிக்கும் முன்பே வயிற்று நோயில் இறந்தார். வயது 41.

இடது பாதியை இன்று காலை சுரண்டியாகிவிட்டது. செம்மண் காய்ந்துகொண்டிருக்கிறது. இந்த முறை இழைகளைச் சரிவின் போக்கில் வளைத்து, மேலே போகப் போக மெல்லிசாக இழுக்கப் போகிறேன்.