அதிகாலை நான்கரை மணிக்கு, கோபுரத்தின் நிறம்

இலங்கையின் மஸ்கெலியாப் பக்கம், சிவனொளிபாதமலையைப் பார்த்தபடி நிற்கும் எங்கள் வீட்டின் மேல்மாடிப் பல்கனியில் ஐந்து மீற்றர் நீளமான எல்ஈடி பட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. டொரொன்டோ நகரின் சீஎன் கோபுரம் எந்த நிறத்தில் ஒளிர்கிறதோ, அதே நிறத்தில் அதுவும் ஒளிரும். என் தங்கை அந்த நகரில் ஓர் அடுக்குமாடியில் வசிக்கிறாள். வேலை முடிந்து வந்து அவள் சமைக்க நிற்கும் இடத்தின் யன்னலில் கோபுரம் தெரியும். தொலைபேசியில் அம்மா அவளிடம் முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்; அடுத்து, "இன்னைக்குக் கோபுரம் என்ன கலரு?" என்பார். அந்த இரண்டாவது கேள்விக்கு அவள் சொல்லாமலே விடை தெரிய வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

சீஎன் கோபுரம் 553.33 மீற்றர் உயரமானது. 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று நாம் படங்களில் காணும் நிற ஒளி அதற்கு 2007 ஜூன் மாதத்தில்தான் வந்தது. அப்போது மின்தூக்கிகள் செல்லும் பகுதியிலும் மேலே உச்சி வரையிலுமாக 1,330 எல்ஈடி விளக்குகள் பொருத்தப்பட்டன. வழக்கமான நாட்களில் அது கனடாவின் கொடியைப் போலச் சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும்; சிறப்பு நாட்களிலும் துயர நாட்களிலும் மாறும். 2011 ஓகஸ்ட் 27 அன்று, மறைந்த எதிர்க்கட்சித் தலைவர் ஜாக் லேட்டனுக்காக அவருடைய கட்சியின் செம்மஞ்சள் நிறத்தில் அது இரவு முழுவதும் நின்றது. 2015 நவம்பர் 13 அன்று பாரிஸில் தாக்குதல்கள் நடந்த இரவில் பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறங்களை அணிந்தது. எந்த நாளில் எந்த நிறம், எதற்காக என்ற அட்டவணையைக் கோபுரத்தை நடத்துபவர்கள் தங்கள் இணையத்தளத்தில் வெளியிடுகிறார்கள். என் வேலைக்கு அந்த அட்டவணையே மூலப்பொருள்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீற்றருக்கு 60 விளக்குப் புள்ளிகள் கொண்ட டபிள்யூஎஸ்2812பி வகைப் பட்டி, அதை இயக்கும் ஈஎஸ்பி32 பலகை, அதில் பட்டியின் நிறங்களைக் கட்டுப்படுத்தும் டபிள்யூஎல்ஈடி என்னும் இலவச மென்பொருள், வீட்டுக்குள் எப்போதும் இயங்கும் சிறிய ராஸ்பெரி பை கணினி ஆகியவையே எல்லாம். கணினி நாளுக்கு இரண்டு முறை மட்டும் அட்டவணையைப் படித்து, அதிலுள்ள நிறச் சொற்களைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களாக மாற்றி, வைபை வழியாகப் பலகைக்கு அனுப்புகிறது. இந்தப் பட்டி சிவப்புக்கு முன்னதாகப் பச்சையின் எண்ணை எதிர்பார்க்கும் என்பதை அறியாமல் நான் எழுதிய முதல் நிரலில், சிவப்பு எரிய வேண்டிய இடத்தில் பச்சை எரிந்தது. சொல்லை ஒளியாக்குவதிலும் சில இடங்களில் எனக்கே தீர்மானிக்க வேண்டியிருந்தது. கபில நிறம் என்று தனியாக ஓர் ஒளி கிடையாது. சுற்றிலும் அதைவிடப் பிரகாசமான ஒன்று இருக்கும்போது மங்கலான செம்மஞ்சளே நம் கண்ணுக்குக் கபிலமாகத் தோன்றுகிறது. ஆகவே அந்தச் சொல் வந்தால் பட்டியின் நடுப்பகுதியை மங்கலாக்கி, இரு ஓரங்களிலும் சில புள்ளிகளை வெள்ளையாக்குகிறேன்.

மின்சாரத்தில் அக்கறை தேவைப்பட்டது. ஒரு புள்ளி முழு வெள்ளையில் ஏறத்தாழ 60 மில்லி அம்பியரை இழுக்கும். 300 புள்ளிகளுக்கு 18 அம்பியர், அதாவது ஐந்து வோல்ட்டில் 90 வாட். ஒரே முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் பட்டியின் நீளத்தில் வோல்ட்டளவு குறைந்துகொண்டே போகும். நீலத்துக்குத் தேவையான வோல்ட்டளவு சிவப்புக்குத் தேவையானதைவிடக் கூடுதல் என்பதால், தொலைமுனையில் வெள்ளை பழுப்பேறி மஞ்சளாகிவிடும். இரண்டு முனைகளிலும் மின்சாரம் கொடுத்து, மொத்தத்தை 20 வாட்டுக்கு மேல் போகாதபடி மென்பொருளில் கட்டுப்படுத்திய பிறகு அது சரியானது. நாளுக்கு ஒன்றரை மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு ஓர் அலகைத் தாண்டாது. 2022 மார்ச் இறுதியில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டை அனுபவித்த நாட்டில் ஒளியை அலங்காரத்துக்காக அள்ளிக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரையான யாத்திரைப் பருவத்தில், மலை ஏறும் பாதையின் விளக்குகள் ஒரு மாலையைப் போல உச்சி வரை தெரியும்; அந்த ஒளிக்கு முன்னால் நம் வீட்டு ஒளி எடுப்பாகத் தெரியக் கூடாது என்றார்.

இனி, நான் மிக நீண்ட நேரம் யோசித்த விடயத்துக்கு வருகிறேன். தொடக்கத்தில் பட்டி மாலை 6.30க்கு எரிந்தது, அன்றைய திகதிக்கு அட்டவணையில் என்ன நிறமோ, அதைக் காட்டியது. பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றுவது நமக்குப் பழக்கம் என்பதால் வேறு நேரம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் குளிர்காலத்தில் நமக்கும் டொரொன்டோவுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம் இருக்கிறது. நம் மாலை 6.30 அவர்களுக்குக் காலை 8 மணி. கோபுரம் ஒளிர இன்னும் எட்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கிறது. மூன்றாம் நாள் அம்மா பல்கனியில் நின்றபடி, "அவ இன்னும் பாக்காத கலர நா ஏன் தம்பி மொதல்ல பாக்கணும்?" என்று கேட்டார். அதற்கு முந்திய இரவின் நிறத்தைக் காட்டினால், அது அவள் பார்த்து முடித்துவிட்ட நிறமாகிவிடும். ஒரே திகதி என்பதும் ஒரே வேளை என்பதும் வேறுவேறு என்பதை அந்தக் கேள்விக்குப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அம்மாவுக்கு வேண்டியது ஒரே வேளை.

இரண்டு ஊர்களும் சேர்ந்து இருட்டாக இருக்கும் வேளை உண்டா என்று கணக்குப் போட்டேன். டிசம்பர் பிற்பகுதியில் டொரொன்டோவில் சூரியன் மாலை 4.40 அளவில் மறைகிறது. இங்கே அப்போது மறுநாள் அதிகாலை 3.10. எங்கள் பக்கம் சூரியன் உதிப்பது 6.15 அளவில் என்பதால், இரண்டு ஊர்களுக்கும் பொதுவாக மூன்று மணி நேர இருட்டு கிடைக்கிறது. ஜூன் மாதத்தில் அங்கே இரவு 9 மணிக்குத்தான் பொழுது சாய்கிறது. கோடையில் வித்தியாசம் ஒன்பதரை மணி நேரம் என்பதால், அது நமக்குக் காலை 6.30, வெயிலே வந்துவிடும். மே மாதத் தொடக்கத்தில் மூடும் இந்தப் பொது இருட்டின் வாசல், ஓகஸ்டில்தான் மீண்டும் திறக்கிறது.

அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போவதற்கு முன் சமைத்து, பிள்ளைகளை எழுப்பி, எல்லாவற்றையும் முடிக்க வேண்டியிருந்த காலத்தின் பழக்கம் அவரை இன்றும் நான்கு மணிக்கு எழுப்பிவிடுகிறது. நான்கரைக்குத் தேநீரோடு பல்கனிக்கு வருவார். குளிர்காலத்தில் அந்த நான்கரை, டொரொன்டோவில் சரியாக மாலை 6 மணி. தங்கை வீட்டுக்கு வரும் நேரம். ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் கோபுரத்தில் சில நிமிடங்களுக்கு ஒளிக்காட்சி ஒன்று நடக்கும். வித்தியாசத்தில் அந்த அரை மணி நேரம் இருப்பதால், அவர்களுடைய மணித் தொடக்கம் எப்போதும் நம் அரை மணியில் வந்து விழுகிறது. அம்மா வந்து உட்காரும்போது எங்கள் பட்டியிலும் நிறங்கள் ஓடத் தொடங்கும்.

பட்டி எரியும் நேரத்தை அதிகாலைக்கு மாற்றிய முதல் நாளே அம்மா என்னைத் தட்டி எழுப்பினார்: "தம்பி, இங்க நீலம் எரியுது, தங்கச்சி செவப்புன்னு சொல்றா." நிரல் நம் நாட்டுத் திகதியைப் பார்த்து நிறத்தை எடுத்திருந்தது, அங்கே இன்னும் முந்திய நாள் முடியவில்லை. அப்போதிருந்து மணி வித்தியாசத்தை ஓர் எண்ணாக எழுதி வைக்காமல், டொரொன்டோவின் நேர வலயத்தையே கணினி கேட்டுத் தெரிந்துகொள்ளுமாறு செய்தேன். மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவதை அது தானாகவே பார்த்துக்கொள்ளும். மின்சாரத்தைச் சேமிக்க 1996இல் நம் கடிகாரங்களும் முன்னே நகர்த்தப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் பழைய நிலைக்குத் திரும்பின. "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று அந்தப் பத்தாண்டுகள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு இது புதிய சிக்கல் அல்ல. மார்ச் நடுப்பகுதிக்குப் பிறகு நம் நான்கரைக்கு அங்கே இன்னும் வெளிச்சம் இருக்கும் என்பதால், அந்த ஊரின் சூரிய மறைவையும் கணக்கிட்டு, அதற்குப் பின்னரே பட்டி எரிகிறது. அட்டவணை கிடைக்காத நாளில் எரிவதில்லை. ஊகித்து ஒரு நிறத்தைக் காட்டினால் அம்மா அதை நம்பிவிடுவார்; அது எனக்குப் பொய் சொல்வதாகவே படுகிறது.

பறவைகள் வலசை போகும் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் கோபுரத்தின் ஒளி குறைக்கப்படுகிறது. ஒளியால் திசை தடுமாறும் பறவைகள் கட்டடங்களில் மோதி இறப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. இதைப் படித்ததும் எங்கள் ஊருக்கு வரும் ஆறுமணிக்குருவியை நினைத்தேன். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்தியாவிலிருந்து களைத்து வந்து சேரும் அந்தப் பறவைகள் வெளிச்சமுள்ள வீடுகளுக்குள் வந்து விழுவது உண்டு. மூடுபனி இருக்கும் அதிகாலைகளில் ஆபத்து இன்னும் கூடுதல். பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை என்பதால் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும். பல்கனிக்கு முன்னால் நிற்கும் பனி முழுவதும் நிறமேறிவிடும். பார்க்க மிக அழகான காட்சிதான். ஆனாலும் அந்த இரண்டு மாதங்களில் பட்டியை ஐந்தில் ஒரு பங்கு ஒளிக்குக் குறைத்து, சுவரை நோக்கித் திருப்பி வைக்கிறேன். திருக்கார்த்திகையன்று பட்டிக்கு வேலையே இல்லை. பல்கனி விளிம்பு முழுவதும் அகல் விளக்குகள்தான்.

மார்கழியில் தோட்டத்துப் பஜனைக் குழு எங்கள் வீதியைக் கடக்கும்போது பிள்ளைகள் நின்று, இன்று என்ன நிறம், எதற்காக என்று கேட்பார்கள். அம்மா தங்கையிடம் கேட்டறிந்து அவர்களுக்கு விளக்குவார்.

இப்போது ஜூன் மாதம். தென்மேல் பருவமழை விடாமல் பெய்கிறது, வாசலும் மூடியிருக்கிறது. பட்டியைக் கழற்றி, சிலிக்கன் உறைக்குள் புகுந்திருந்த ஈரத்தை உலர்த்தி, அடுப்படிக்கு மேலுள்ள தட்டில் சுருட்டி வைத்திருக்கிறேன். ஓகஸ்ட் இரண்டாம் வாரத்தில், விடியலுக்கு முன் சில நிமிடங்கள் மட்டுமே இரண்டு ஊர்களும் சேர்ந்து இருட்டாகும். அந்தச் சில நிமிடங்களுக்காகவும் மாட்டிவிட வேண்டும் என்று அம்மா நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.