கைக்குட்டை வாங்க வந்தவர்கள்

டிசம்பர் 2

என் இணையச் சேலைக்கடையின் வருகைக் கணக்கில் இன்றும் லான்சோ.

டிசம்பர் 3

நடுச்சாமத்தில் தம்பி டொரன்டோவிலிருந்து எடுத்தான். "அக்கா, பாத்தியா, ஒரே நாளில எத்தனை பேர்! பொங்கலுக்கு நூறு சேலை போடச் சொல்லு நானாட்ட. காசு நான் அனுப்புறன்." நானா எங்கள் சேலைகளை நெய்து தருபவர். கடைத்தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸ் அவனுடைய போனிலும் இருக்கிறது, அதுதான் வினை. நகரம் நகரமாகப் பிரித்துப் பார் என்றேன். பாதிக்கு மேல் லான்சோ, மிச்சத்தில் பெரும்பங்கு சிங்கப்பூர். எல்லோரும் கடையின் பக்கத்தைப் பார்த்து நின்ற நேரம் 0 வினாடி. "பாத்திட்டுப் போறாங்க, மறுகா வருவாங்க" என்கிறான்.

லான்சோ, சீனாவின் கான்சு மாகாணத் தலைநகர். மஞ்சள் ஆற்றங்கரையில் இருக்கிறது, மாட்டிறைச்சி நூடில்ஸுக்குப் பேர்போன ஊராம். அங்கே யாருக்கு மருதமுனைச் சேலை?

டிசம்பர் 5

மழை விட்டபாடில்லை. கல்லடிப் பாலத்தில் நின்றால் வாவி எது வானம் எது என்று தெரியாது. நானா எடுத்தார். சாயம் போட்ட நூல் இன்னும் காயவில்லை, வெயில் கண்டதும் பாவு, அதாவது சேலையின் நெடுக்கு நூல், ஓட வேண்டும், அதற்குள் எத்தனை சேலை என்று சொல்லட்டாம். "ஓடினாப் பிறகு கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது தங்கச்சி." இரண்டு நாள் பொறுங்க நானா என்றேன். அவருக்கும் நூல்கடையில் பாக்கி இருக்கிறது, எனக்குத் தெரியும்.

டிசம்பர் 6

அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, கடைத்தளம் ஓடும் சேர்வரில் வந்துபோனவையெல்லாம் பதியும் பதிவேட்டைத் திறந்து உட்கார்ந்தேன். எழும்பும்போது விளக்கு வைக்கும் நேரம்.

லான்சோ அதில் இல்லவே இல்லை! அனலிட்டிக்ஸில் குவிந்து கிடக்கும் கூட்டத்தின் தடம் ஒன்றுகூடப் பதிவேட்டில் கிடையாது. அதாவது அவை கடைக்கு வரவே இல்லை. அனலிட்டிக்ஸ் அடையாள எண் பக்கத்தின் நிரலில் எவரும் பார்க்கும்படி கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டு நேரே கூகுளின் கணக்கிலேயே "வந்தேன்" என்று எழுதிவிட்டுப் போகலாம்.

ஆனால் பதிவேட்டில் வேறொரு கூட்டம் இருக்கிறது. அதுதான் உண்மையில் வந்து போகிறது. நிறம், விலை, கரை, எது முதலில் என்று தெரிவுகள் வைத்திருக்கிறேன் அல்லவா, ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு முகவரி உருவாகும். நீலம், நீலமும் பச்சையும், பச்சையும் நீலமும், விலை ஏறுமுகம், இறங்குமுகம். மனிதர் எவரும் அப்படிச் சேலை தேட மாட்டார்கள். இது பாட், தானாக இயங்கும் நிரல், ஒன்று விடாமல் திறக்கிறது. "கூடையில் போடு" இணைப்பையும் விட்டு வைக்கவில்லை. முன்பே தயாராகக் கேஷில் கிடக்கும் பக்கம் என்றால் பரவாயில்லை, இவை ஒவ்வொன்றுக்கும் சேர்வர் புதிதாக வேலை செய்ய வேண்டும்.

லான்சோ பேய், இது கள்ளன். தம்பிக்கு இரண்டும் வாடிக்கையாளர்.

டிசம்பர் 8

காலையில் கடையைத் திறந்தால் 508 என்ற பிழை. சேர்வரில் எனக்கு ஒதுக்கிய வளம் தீர்ந்துவிட்டதாம். சேர்வரை வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங்காரருக்கு எழுதினேன். பெரிய பொதிக்கு மாறுங்கள் என்று பதில். கள்ளனுக்கு நான் வாடகை கட்ட வேண்டும்!

சூரிச் அக்கா ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார், "கடை பூட்டியாச்சா?"

டிசம்பர் 9

கிளவுட்ஃபிளேர், கடைக்கு முன்னால் நின்று வருபவரைச் சோதிக்கும் சேவை, இலவசத் திட்டம். வருபவர் அதன் வழியே வரும்படி நேம்சேர்வரை மாற்றிவிட்டுக் காத்திருந்தேன். இலவசத்தில் ஐந்து விதி எழுதலாம். முதல் விதி: முகவரியில் தெரிவு ஒட்டிக்கொண்டிருந்தால், மனிதர்தானா என்று சோதி, தேடுபொறிகளின் அறியப்பட்ட பாட்களை மட்டும் விடு. அதை மறந்தால் கூகுள் தேடலிலிருந்தே கடை காணாமல் போய்விடும். பாட்கள் எங்கே போகக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் எழுதினேன், ஒரு மரியாதைக்கு. கேட்பவை கேட்கும்.

சிங்கப்பூரை மொத்தமாகப் பூட்டு என்கிறார்கள் சிலர். அங்கே ஒரு மாமி வருசா வருசம் பொங்கலுக்கு இரண்டு சேலை எடுப்பவர். பூட்ட மாட்டேன்.

டிசம்பர் 10

சேர்வர் மூச்சு விடுகிறது. அனலிட்டிக்ஸில் கோடு இன்னும் ஏறுகிறது. கடைக்கே வராததை வாசலில் எப்படி மறிப்பது?

தம்பி: "பாத்தியா, நீ எல்லாத்தையும் பூட்டியும் வாறாங்க."

டிசம்பர் 12

நித்திரை இல்லை, இருந்து எழுதுகிறேன்.

ஒரு மணிக்குப் பின் போன் விடாமல் அதிர்ந்தது. ஆர்டர். இன்னொரு ஆர்டர். எல்லாம் கைக்குட்டை, ஆளுக்கு ஒன்று. அம்மாவும் எழும்பிவிட்டார், "யாருக்கும் ஏதுமாகா?" என்று. பெயர்களைப் பார்த்தேன், விசைப்பலகையில் கையை வைத்து இழுத்த மாதிரி எழுத்துகள். எல்லாவற்றுக்கும் அமெரிக்க முகவரி, ஒவ்வொன்றுக்கும் வேறு கார்டு. தோல்வி, தோல்வி, தோல்வி.

திருட்டுக் கார்டுகள். எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பார்க்க, கடையிலேயே மலிவான சாமானை வாங்கிப் பார்க்கிறார்கள். என் கடையில் மலிவு கைக்குட்டை. மிஞ்சிய நூலில் நானாவின் மகள் நெய்து தருவது, கரையில் ஒற்றைச் சிவப்பு இழை ஓடும்.

கார்டு வழியை நிறுத்திவிட்டுப் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன். நடுவில் ஒன்று: வெற்றி. யாரோ ஒருவரின் காசு என் கணக்கில். உடனே திருப்பி அனுப்பினேன். அந்த ஆள் தன் வங்கியில் முறையிட்டால் அபராதமும் என் தலையில்தான்.

பொருளின் பக்கத்தைத் திறக்காமலே, நிரல் வழியாக நேரே ஆர்டர் போட்டிருக்கிறார்கள். அந்த வழிக்கு இரண்டாவது விதி. பணம் கட்டும் பக்கத்தில் டர்ன்ஸ்டைல், மனிதர்தானா என்று பார்க்கும் கிளவுட்ஃபிளேர் சோதனை. கைக்குட்டை தனியாகக் கிடையாது, இனிச் சேலையோடுதான்.

டிசம்பர் 13

வெயில்.

டிசம்பர் 14

அனலிட்டிக்ஸில் ஒரு நாட்டையோ நகரத்தையோ நிரந்தரமாக வடித்துவிட வழி இல்லை. அறிக்கையில் ஒதுக்கி வைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். லான்சோவையும் 0 வினாடிக்காரரையும் ஒதுக்கினேன். டொரன்டோ, சூரிச், லண்டன், கொழும்பு, கல்முனை, மட்டக்களப்பு மிஞ்சின. படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

அப்புறம் வாட்ஸ்அப்பைத் திறந்து, விலை கேட்டவர்கள், நிறம் கேட்டவர்கள், "கரையைக் கிட்டத்தில எடுத்து அனுப்புங்கோ" என்றவர்கள் எல்லோரையும் கொப்பியில் எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது.

டிசம்பர் 15

நானாவுக்குச் சொல்லிவிட்டேன். பதினெட்டு. நீலம் பத்து, மாம்பழ மஞ்சள் எட்டு. "நூறு எண்டு தம்பி எனக்கு மெசேஜ் போட்டிருக்காரே" என்றார். பதினெட்டுத்தான் நானா, நீங்க ஓடுங்க என்றேன்.

தம்பி காசு போட்டுவிட்டானாம். நூறு சேலைக்கு.