நாடி பிடித்த வைத்தியரும் பிரஷர் பட்டையும்

இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவன் நான். அக்காவின் நச்சரிப்புத் தாங்காமல் பாலக்காட்டுப் பக்கம் ஓர் ஆயுர்வேத வைத்தியரிடம் நாடி பார்க்கப் போனேன். வெறும் வயிற்றில் காலையிலேயே வர வேண்டும், காப்பி கூடாது, எண்ணெய்க் குளியலும் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். படியேறிய வேகத்தில் கையை நீட்டினேன். “உட்காருங்கள், மூச்சு அடங்கட்டும்” என்றார். பிரஷர் பார்ப்பதற்கும் ஏறக்குறைய இதே பத்தியம்தான்: அரை மணி நேரத்துக்குக் காப்பி, சிகரெட் கூடாது, ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கூட்டம் நெரியும் கிளினிக்குகளில் இதற்கெல்லாம் யாருக்கு நேரம்?

ஆணுக்கு வலது கை. கட்டைவிரலுக்குக் கீழே மூன்று விரல்களை வைத்தார். ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம். அழுத்தினார், தளர்த்தினார், ஒவ்வொரு விரலாக எடுத்துப் பார்த்தார். பாம்பாக நெளிந்தால் வாதம், தவளையாகத் துள்ளினால் பித்தம், அன்னமாக நடந்தால் கபம் என்பது சார்ங்கதர சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலின் கணக்கு. ஆயுர்வேதத்தின் மூலவர்களான சரகரும் சுசுருதரும் இப்படி நாடி பார்க்கச் சொல்லவில்லை என்பதையும் அவரே ஒளிக்காமல் சொன்னார். எனக்கு வாத நாடியாம், தொட்டால் விறைப்பாக இருக்கிறதாம். தூக்கம், மலச்சிக்கல், ஊறுகாய் என்று ஒன்றுவிடாமல் விசாரித்தார்.

“பிரஷர் எவ்வளவு என்று நாடியிலேயே தெரியுமா?” என்றேன். “விறைப்பு தெரியும், எண் தெரியாது” என்று சொல்லி இழுப்பறையிலிருந்து பிரஷர் பட்டையை எடுத்துக் கையில் சுற்றினார். மணிக்கட்டில் விரலை வைத்தபடியே காற்றடித்தார். துடிப்பு மறைந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, ஸ்டெதாஸ்கோப் வைத்து மறுபடியும் பார்த்தார். 150/94. இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி 1896-இல் அளந்ததும் இப்படி மணிக்கட்டைத் தொட்டுத்தான். ஒலி கேட்டு அளக்கும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் சொன்னது 1905-இல். நாடியிலேயே எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்பி வந்த அக்காவுக்குத்தான் முகம் வாடிவிட்டது.

சர்ப்பகந்தா என்ற மூலிகையின் மாத்திரை கேட்டுப் பார்த்தேன். அதிலுள்ள ரிசர்பைன் என்ற மருந்துச் சத்தும் பிரஷரைக் குறைப்பதுதான். அம்லோடிபினோடு சேர்த்துத் தன்னிஷ்டத்துக்குச் சாப்பிட்டால் அளவுக்கு மீறி இறங்கலாம், மனச்சோர்வும் வரலாம் என்று மறுத்துவிட்டார். அதைவிட, வீட்டுக் கைமருந்துகளைக் கேட்டதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. வயிற்று உப்புசத்துக்கு லவண பாஸ்கர சூரணம், தொண்டைக்கு அதிமதுரம் என்றேன். முன்னதில் கடலுப்பும் இந்துப்பும் சேர்கின்றன. பின்னதை நாள்தோறும் மென்றால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் குறையும். இரண்டையும் நிறுத்தச் சொன்னார். ஆங்கில மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ சொல்லவில்லை. காலையும் இரவும் வீட்டிலேயே அளந்து எழுதி, அந்த நோட்டை முதலில் என் டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.