கூலண்ட் ஃபில்டர் தேவையா?

கோலாலம்பூர் செந்தூலில் தம்பி ஒருவர் தன் பழைய புரோட்டான் சாகா காருக்கு கூலண்ட் ஃபில்டர் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டை வடிகட்டும் கருவி) பொருத்தலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பெரிய டீசல் லாரிக்குச் சரி. காரில் பெரும்பாலும் ஹீட்டர் குழாயில் கிளை பிரித்துத்தான் அதை மாட்டுவார்கள். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது (இந்த வெயிலுக்கு அது ஒன்றுதான் குறைச்சல்!). ரேடியேட்டர் குழாயின் குறுக்கே வைத்தாலோ, அது அடைத்துக்கொண்ட அன்று கெந்திங் மலை ஏற்றத்தில் ஆவி பறக்கும்.

எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் நீர் செம்பழுப்பாக இருந்தால் துரு; வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியதன் கைங்கரியம். கழுவிவிட்டு நல்ல கூலண்ட் ஊற்றினால் போதும். தே தாரிக் (பால் தேநீர்) போலக் கலங்கியிருந்தால் எண்ணெய் கலந்திருக்கலாம். அதற்கு ஃபில்டர் மருந்தல்ல, உடனே பட்டறைக்குப் போங்கள்.