முகமூடிக்குக் கீழே முகம்

'தி லயன் கிங்' இசை நாடகம் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் அரங்கேறியது 1997 நவம்பரில். நியூ ஆம்ஸ்டர்டாம் அரங்கில் தொடங்கி, 2006-ல் மின்ஸ்காஃப் அரங்குக்கு மாறியும் ஓட்டம் நிற்கவில்லை. கதை என்னவோ பழசுதான். சிங்க ராஜாவான அண்ணனைக் கொன்ற தம்பி, ஊரைவிட்டு ஓடிய ராஜாவின் பிள்ளை, திரும்பி வந்து அரியணை. 1994-லேயே கார்ட்டூன் படமாக வந்துவிட்டதால் முடிவு குழந்தைகளுக்கும் அத்துப்படி. பிறகு எதற்கு இத்தனை கூட்டம்?

ஆளை மறைக்காததுதான் காரணம் என்பேன். விலங்கு வேஷம் என்றால் நடிகரைத் தலை முதல் கால் வரை தோலுக்குள் போட்டு மூடுவார்கள். இயக்குநர் ஜூலி டேமோர் அதைத் தொடவே இல்லை. சிங்கத்தின் முகம் நடிகரின் தலைக்கு மேலே, நடிகரின் முகம் அதற்குக் கீழே திறந்தபடி. பொய்க்கால் குதிரை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: குதிரையும் தெரியும், ஆடுகிறவரும் தெரிவார்.

அண்ணனைக் கொன்ற தம்பி, வில்லன் ஸ்காரின் முகமூடியைக் கவனியுங்கள். அவர் நிமிர்ந்து பேசும்போது அது தலைக்கு மேல் கிரீடம் போல நிற்கும். கையில் மறைந்திருக்கும் சுவிட்சை அழுத்தியதும் சிறு மோட்டார் அதை முன்னால் இறக்கும். முகம் மறைந்து சிங்கம் பாய வருகிறது. உடல் குனிவதும் முகமூடி இறங்குவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். முகமூடி அரை நொடி முந்திவிட்டால் போச்சு, தலையில் ஏதோ கழன்று தொங்குவது போல இருக்கும். மரத்தில் செய்த மாதிரி தெரிந்தாலும் இது கார்பன் கிராஃபைட் என்ற லேசான பொருள். ஸ்காருடையது சுமார் 200 கிராம், அண்ணன் முஃபாசாவுடையது 310 கிராம் அளவில். இதைவிடக் கனத்தால் கழுத்து தாங்காது, தலையைச் சட்டென்று திருப்பவும் முடியாது. டேமோரோடு சேர்ந்து இவற்றை வடிவமைத்தவர் மைக்கேல் கரி.

காட்டெருமைக் கூட்டம் பாய்ந்து வரும் காட்சியில் கணினி வித்தை எதுவும் இல்லை. பின்னால் திரையில் பொடிப்பொடியாக விலங்குகள், அதற்கு முன்னால் சுழலும் உருளைகளில் கொஞ்சம் பெரிய உருவங்கள், கடைசியில் பெரிய முகமூடிகளோடு நடனக்காரர்கள். சிறிதிலிருந்து பெரிதாகும் இந்த வரிசையை, தூரத்திலிருந்து நெருங்கி வருவதாகக் கண் எடுத்துக்கொள்கிறது. வறட்சிக்கு இன்னும் சுலபமான வழி: வட்டமான நீலப் பட்டுத்துணி ஒன்று மேடையில் உள்ள துளைக்குள் மெல்ல உருவப்படுகிறது. குளம் வற்றிவிட்டது! பெண் சிங்கங்கள் அழும்போது கண்ணிலிருந்து வருவதும் துணி நாடாதான்.

ஒட்டகச்சிவிங்கியாக வருபவருக்குக் கைக்கு இரண்டு, காலுக்கு இரண்டு என நான்கு கட்டைகள். கழுத்தும் தலையும் தொப்பி போல மேலே. அவர் அவசரப்படவே முடியாது. அந்தத் தயக்கமான நடையே ஒட்டகச்சிவிங்கியின் நடையாகிவிடுகிறது.

இரண்டாம் பாதி தொய்வுதான். ஊரைவிட்டு ஓடிய பிள்ளை சிம்பா வளர்ந்த பிறகு கதை நிறையவே இழுக்கிறது; நகைச்சுவையும் எல்லா இடத்திலும் எடுபடவில்லை.

டிக்கெட் எடுப்பவர்களுக்கு ஒன்று. தொடக்கக் காட்சியில் யானை உட்படப் பல விலங்குகள் பார்வையாளர்களின் நடைவழியாகத்தான் மேடைக்குப் போகும். யானையின் கால்களுக்குள் நான்கு பேர் நடப்பதை அருகில் பார்க்க, கீழ்த்தளத்தில் நடைவழியை ஒட்டிய ஓரச் சீட் வேண்டும். குளம் வற்றுவதை முழு வட்டமாகப் பார்க்க மாடிதான் சரி. குழந்தையோடு போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் கீழ்த்தளம். தாமதமாக மட்டும் போய்விடாதீர்கள், அந்த ஊர்வலம் முதல் பாட்டிலேயே முடிந்துவிடும்.